யாரிடம், எவ்வளவு, எந்த வழியில்? இரகசியம் காக்கும் கடமையும் அதன் மீறலும்

1995ஆம் ஆண்டு. நாகாலாந்து அரசு மருத்துவப் பணியில் இருந்த டாக்டர் ஒருவர், நோயாளி ஒருவருக்குத் துணையாக அரசு உத்தரவின்பேரில் சென்னைக்கு வந்தார். சிகிச்சைக்கு இரத்தம் தேவைப்பட்டது. அவரும் கொடுக்க முன்வந்தார். பரிசோதித்தபோது அவருக்கே எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரிந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 12ஆம் தேதி அவருக்குத் திருமணம் நடப்பதாக இருந்தது. செய்தி பெண் வீட்டாருக்கு எட்டியது, திருமணம் நின்றது. உறவும் ஊரும் ஒதுக்கவே கோகிமாவை விட்டு வெளியேறிச் சென்னையிலேயே தங்கிவிட்டார். மருத்துவமனை தன் இரகசியத்தைக் காக்கத் தவறியது என்று நட்டஈடு கேட்டுத் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார். சிவில் நீதிமன்றத்தை நாடும்படி சொல்லி ஆணையம் மனுவைத் தள்ளியது. அங்கிருந்து வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. சட்ட ஏடுகளில் ‘மிஸ்டர் எக்ஸ் எதிர் ஹாஸ்பிடல் இசட்’ என்று பதிவாகியிருப்பது இந்த வழக்குதான்.

1998 செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நோயாளியின் இரகசியத்தைக் காப்பது மருத்துவரின் கடமைதான். ஆனால் அது எல்லையற்ற கடமையல்ல என்றது. மணக்கவிருந்த பெண்ணின் உயிரும் உடல்நலமும் ஒரு தட்டில் இருக்கும்போது ஆணின் அந்தரங்கம் தாழ வேண்டும் என்பது அதன் முடிவு. அதோடு நிற்காமல், தொற்று உள்ளவரின் திருமண உரிமையே நிறுத்திவைக்கப்பட்ட உரிமை என்றும் எழுதியது. யாரும் கேட்காத கேள்விக்குச் சொல்லப்பட்ட அந்தப் பதில், தொற்றோடு வாழ்ந்த எண்ணற்றவர்களை அச்சத்தில் தள்ளியது. 2002 டிசம்பரில் மூன்று நீதிபதிகள் அமர்வு, திருமண உரிமை பற்றிய அந்தக் கருத்துகள் வழக்குக்குத் தேவையற்றவை என்று சொல்லி அவற்றை விலக்கியது. பெண் தரப்புக்குச் சொன்னது தவறல்ல என்ற பகுதி மட்டும் நிலைத்தது.

அந்தப் பெண்ணுக்குத் தெரியத்தான் வேண்டும் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் அந்தத் தீர்ப்பு நின்று கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் வேறு. முதலில் அவரிடமே சொன்னார்களா? நீங்களே சொல்லுங்கள் என்று அவகாசம் கொடுத்தார்களா? அந்தப் பெண்ணிடம் நேரில் சொன்னார்களா, அல்லது உறவினர் வாய்வழியாக ஊர் முழுவதும் பரவிய பிறகு அவருக்குத் தெரிந்ததா? இரகசியத்தை உடைக்கலாமா கூடாதா என்ற ஒற்றைக் கேள்வியோடு சட்டம் நின்றுவிட்டால், உடைக்கலாம் என்ற விடை கிடைத்ததும் கதவு முழுவதும் திறந்துகொள்கிறது. யாரிடம், எவ்வளவு, எந்த வழியில் சொல்வது என்பதில்தான் கடமையும் மீறலும் பிரிகின்றன. கடந்த கால் நூற்றாண்டில் இந்தியச் சட்டம் மெதுவாக இந்த இடத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. சில துறைகளில் வந்துவிட்டது, பலவற்றில் இன்னும் வரவில்லை.

இந்தக் கடமையின் வேரைத் தேடினால் இங்கிலாந்தின் சமநீதி மன்றங்களுக்குப் போக வேண்டும். விக்டோரியா அரசியும் ஆல்பர்ட் இளவரசரும் தங்கள் பொழுதுபோக்குக்காகச் செதுக்கிய சித்திரத் தகடுகளைப் படியெடுக்க வின்ஸரில் ஓர் அச்சுக்காரரிடம் கொடுத்தார்கள். அங்கே வேலை பார்த்த ஒருவர் கூடுதலாகச் சில படிகளை எடுத்து வெளியே விட்டார். கைமாறி அவை ஸ்ட்ரேஞ்ச் என்ற பதிப்பாளரிடம் வந்தன. கண்காட்சி வைக்கவும் பட்டியல் அச்சிடவும் அவர் முனைந்தார். அவருக்கும் அரண்மனைக்கும் ஒப்பந்தம் எதுவுமில்லை. ஆனாலும் 1849இல் நீதிமன்றம் தடை விதித்தது. நம்பிக் கொடுக்கப்பட்டதிலிருந்து கசிந்தது இது என்று தெரிந்தே கையில் வைத்திருப்பவரையும் கடமை பற்றும் என்ற கொள்கை அங்கே உறுதிப்பட்டது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லையே என்று இன்று சொல்பவர்களுக்கும் அதுவே பதில்.

1968இல் ஒரு மொபெட் இன்ஜின் வடிவமைப்பு பற்றிய வழக்கில் நீதிபதி மெகாரி இதை மூன்று அளவுகோல்களாக வகுத்தார். செய்தி ஊரறிந்ததாக இருக்கக் கூடாது. இது வெளியே போகக் கூடாது என்று நியாயமான எவருக்கும் புரியும் சூழலில் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். கொடுத்தவரின் அனுமதியின்றி, அவருக்குப் பாதகமாகப் பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும். கோகோ என்ற அந்த வடிவமைப்பாளருக்குக் கேட்ட இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. அவர் வழக்கில் பிறந்த அளவுகோல்களை மட்டும் காமன்வெல்த் நீதிமன்றங்கள் இன்றுவரை எடுத்தாள்கின்றன. இந்திய நீதிமன்றங்களும் அப்படித்தான், ஏனென்றால் இதற்கென்று தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. குறிப்பாக வணிக இரகசியத்தில் ஒப்பந்தச் சட்டத்தையும் இந்தக் கொள்கையையும் வைத்தே ஓட்டுகிறோம். 2024 மார்ச்சில் சட்ட ஆணையம் தன் 289ஆவது அறிக்கையில் வணிக இரகசியங்களுக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. வணிகர்கள் தங்களைப் பார்த்துக்கொள்ள வக்கீல் வைத்திருக்கிறார்கள். எனக்குக் கவலை மற்றவர்களைப் பற்றி.

வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான பேச்சுதான் நம் சட்டத்தில் மிக உறுதியான வேலி கொண்டது. 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 126ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 132ஆவது பிரிவாக இருக்கிறது. கட்சிக்காரரின் வெளிப்படையான சம்மதமின்றி வக்கீல் வாய் திறக்கக் கூடாது. வழக்கு முடிந்தாலும், வக்காலத்து வேறொருவருக்கு மாறினாலும் கடமை தொடரும். குமாஸ்தாவையும் மொழிபெயர்ப்பாளரையும் அது கட்டும்.

அந்தப் பிரிவின் கீழே தரப்பட்டிருக்கும் எடுத்துக்காட்டுகள் எந்த விளக்கவுரையையும்விடத் தெளிவானவை. ஒருவர் வக்கீலிடம் வந்து, நான் போலிப் பத்திரம் தயாரித்துவிட்டேன், எனக்காக வாதாடுங்கள் என்கிறார். இது காக்கப்பட வேண்டிய இரகசியம். இன்னொருவர் வந்து, என்னிடம் போலிப் பத்திரம் இருக்கிறது, இதை வைத்து அந்தச் சொத்தை எனக்கு வாங்கிக் கொடுக்க வழக்குப் போடுங்கள் என்கிறார். இதற்குக் காப்பு இல்லை. நடந்து முடிந்த குற்றத்துக்கு ஆலோசனை கேட்பது ஒன்று, நடக்கப்போகும் குற்றத்துக்கு வக்கீலையே கருவியாக்குவது வேறொன்று. மூன்றாவது எடுத்துக்காட்டு இன்னும் நுட்பமானது: கையாடல் வழக்கில் கட்சிக்காரரின் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் வக்கீல், தான் வழக்கை எடுத்தபோது இல்லாத ஒரு பதிவு இப்போது முளைத்திருப்பதைக் கவனிக்கிறார். அதைச் சொல்லத் தடையில்லை.

2025 ஜூனில் இந்த வேலியையே அசைத்துப் பார்த்தார்கள். சட்டக் கருத்து வழங்கிய விவகாரத்தில் சென்னையைச் சேர்ந்த மூத்த வழக்கறிஞர் அரவிந்த் தாத்தாருக்கும், பிறகு டெல்லியில் பிரதாப் வேணுகோபாலுக்கும் அமலாக்கத் துறை சம்மன் அனுப்பியது. வழக்கறிஞர் சங்கங்கள் கொதித்தன. சம்மன்கள் திரும்பப் பெறப்பட்டன. உச்ச நீதிமன்றம் தாமாகவே வழக்கை எடுத்துக்கொண்டு அக்டோபர் 31 அன்று தீர்ப்பளித்தது: 132ஆவது பிரிவின் விதிவிலக்குகளுக்குள் வந்தாலன்றி வக்கீலை விசாரணை அதிகாரி அழைக்கக் கூடாது; அழைத்தால் எந்த விதிவிலக்கு என்று எழுத்தில் காட்ட வேண்டும்; காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும். ஒரு நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இருக்கும் சட்ட அலுவலருக்கு இந்தப் பிரிவின் முழுக் காப்பு கிடையாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. கம்பெனிகளில் வேலை பார்க்கும் இளம் வக்கீல்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

மருத்துவருக்கு இப்படியான வேலி சாட்சியச் சட்டத்தில் இல்லை. சாட்சிக் கூண்டில் நீதிபதி கேட்டால் அவர் சொல்லியாக வேண்டும். கட்சிக்காரர் வக்கீலிடம் சொல்வதைவிட நோயாளி டாக்டரிடம் காட்டுவது அந்தரங்கமானது என்று நினைக்கும் எவருக்கும் இது விந்தையாகத் தோன்றும். நீதிமன்றத்துக்கு வெளியே அவரைக் கட்டுவது 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிமுறைகள். அவற்றின்படி தொழிலில் அறிந்த இரகசியத்தை மூன்று சூழல்களில்தான் வெளியிடலாம்: நீதிபதியின் ஆணை, குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ கடுமையான, இன்னதென்று அடையாளம் காணப்பட்ட ஆபத்து, அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்கள்.

இரண்டாவது விதிவிலக்கின் பின்னணியில் இரண்டு வெளிநாட்டு வழக்குகளை வைத்துப் பார்க்கலாம். அமெரிக்காவின் பெர்க்லியில் படித்த இந்திய மாணவர் ஒருவர், தன்னை மறுத்த தத்தியானா தாரசாப் என்ற பெண்ணைக் கொல்லப்போவதாக மனநல ஆலோசகரிடம் சொன்னார். ஆலோசகர் பல்கலைக்கழகக் காவலர்களுக்குச் சொன்னார். அவர்கள் மாணவரைப் பிடித்து விசாரித்து விட்டுவிட்டார்கள். அந்தப் பெண்ணிடமோ அவர் குடும்பத்திடமோ யாரும் சொல்லவில்லை. 1969 அக்டோபரில் அவர் கொல்லப்பட்டார். ஆபத்தில் இருப்பவரைக் காக்க நியாயமான நடவடிக்கை எடுக்கும் கடமை சிகிச்சை அளிப்பவருக்கு உண்டு என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1976இல் தீர்ப்பளித்தது. அந்த வழக்கின் வேதனை, இரகசியம் உடைக்கப்படாததில் இல்லை. அது உடைக்கப்பட்டது, உரியவரைத்தான் எட்டவில்லை.

இரண்டாவது வழக்கு இங்கிலாந்தில் 1989இல் முடிவானது. ஐந்து பேரைக் கொன்று காப்பு மருத்துவமனையில் இருந்தவர் விடுதலை வேண்டினார். அவர் தரப்பு வக்கீல்கள் அமர்த்திய மனநல மருத்துவர் எக்டெல், இவர் இன்னும் ஆபத்தானவர் என்று அறிக்கை எழுதினார். வக்கீல்கள் விண்ணப்பத்தையே திரும்பப் பெற்று அறிக்கையை ஓரங்கட்டினார்கள். எக்டெல் அதை மருத்துவமனைக்கு அனுப்பினார். அது உள்துறை அமைச்சகத்துக்கும் போனது. நோயாளி வழக்குத் தொடுத்தார், தோற்றார். ஆனால் அறிக்கை போன இடத்தைக் கவனிக்க வேண்டும். அவரைப் பற்றி முடிவெடுக்கும் பொறுப்புள்ளவர்களிடம்தான் போனது. அதையே அவர் பத்திரிகைக்கு விற்றிருந்தால் அது மீறல். உண்மை அதேதான், ஆபத்தும் அதேதான். பெறுபவர் மாறினால் சட்டமும் மாறுகிறது.

நம் நாட்டில் இந்தப் பாடத்தை முழுமையாகச் சட்டமாக்கியது 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டதே சென்னையில்தான்: 1986இல், சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் அவரிடம் பயின்ற நிர்மலாவும் நடத்திய ஆய்வில். அந்த முப்பது ஆண்டுகளின் கண்ணீரும் அனுபவமும் சட்டத்தின் 9ஆவது பிரிவில் படிந்திருக்கின்றன. தொற்றுள்ளவரின் துணைவருக்குச் சொல்லும் அதிகாரம் மருத்துவருக்கோ ஆலோசகருக்கோ மட்டும்தான் உண்டு. துணைவருக்குப் பெரும் தொற்று அபாயம் இருப்பதாக அவர் நியாயமாக நம்ப வேண்டும். நீங்களே சொல்லுங்கள் என்று முதலில் தொற்றுள்ளவருக்கு ஆலோசனை கூற வேண்டும். அவர் சொல்லமாட்டார் என்று தெளிவாக வேண்டும். நான் சொல்லப் போகிறேன் என்று அவரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். பிறகு துணைவரிடம் நேரில், உரிய ஆலோசனையோடு சொல்ல வேண்டும். தொற்றுள்ளவர் பெண்ணாக இருந்து, சொன்னால் அடி உதை விழும், வீட்டை விட்டுத் துரத்துவார்கள் என்ற நியாயமான அச்சம் இருந்தால், துணைவரிடம் சொல்லவே கூடாது.

1995இல் நின்றுபோன திருமணத்தை இந்தப் படிகளின் மேல் வைத்துப் பாருங்கள். அந்தப் பெண் அப்போதும் காப்பாற்றப்பட்டிருப்பார். அந்த டாக்டருக்கு ஊர் மிஞ்சியிருக்கும்.

மனநலச் சட்டம் இதே அளவுக்கு நுணுக்கமாகப் போகவில்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு, பிறரைத் தீங்கிலிருந்து காக்கத் தேவையான தகவலை மட்டும் வெளியிடலாம் என்கிறது. தேவையான அளவு மட்டும் என்ற அந்தக் கட்டுப்பாடு பொன்னானது. முன்கூட்டித் தெரிவிக்கும் படி அதில் இல்லை.

சிறார் விஷயத்தில் கடமை தலைகீழாகிறது. பதினெட்டு வயது நிரம்பாத ஒருவர் மீது பாலியல் குற்றம் நடந்திருப்பது தெரிந்தால், போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி எவரும் காவல் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காதது குற்றம். காதலித்துக் கருவுற்ற பதினேழு வயதுப் பெண்ணைத் தாய் அழைத்துக்கொண்டு மகப்பேறு மருத்துவரிடம் வரும்போது என்ன நடக்கும்? டாக்டர் புகார் செய்தால் வழக்கு, கைது, ஊர்ப் பேச்சு. செய்யாவிட்டால் டாக்டரே குற்றவாளி. இந்த அச்சத்தில் அரசு மருத்துவமனைப் பக்கமே வராமல் கைமருத்துவத்தையும் கடையில் வாங்கும் மாத்திரையையும் நம்பும் குடும்பங்கள் உண்டு. 2022 செப்டம்பர் 29 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ஒரு நடுவழி கண்டது. கருக்கலைப்புக்காக வரும் சிறுமியும் அவளுடைய காப்பாளரும் கேட்டுக்கொண்டால், காவல் துறைக்குத் தரும் தகவலில் அவளுடைய பெயரையும் அடையாளங்களையும் மருத்துவர் குறிப்பிட வேண்டியதில்லை. தகவல் போகும், ஆள் போகமாட்டாள். எவ்வளவு சொல்வது என்ற கேள்விக்கு நம் நீதிமன்றங்கள் தந்த விடைகளில் இதை நான் மிகச் சிறந்ததாகக் கருதுகிறேன்.

கணவன் மனைவி விஷயத்தில் மட்டும் சட்டம் பின்னோக்கிப் போயிருப்பதாக எனக்குப் படுகிறது. மணவாழ்வில் ஒருவர் மற்றவரிடம் சொன்னதை வெளியிடக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது பழைய விதி; இருவருக்கும் இடையிலேயே வழக்கு என்றால் அது பொருந்தாது. மனைவிக்குத் தெரியாமல் அவருடைய தொலைபேசி அழைப்பு விவரங்களை எடுத்து வந்த கணவனின் ஆவணத்தை 2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஏற்க மறுத்தது. நம்பிக்கைதான் மணவாழ்வின் அடித்தளம், ஒருவரை ஒருவர் வேவு பார்ப்பது அதை அழிக்கும் என்றார் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன். ஒன்பது மாதம் கழித்து, பஞ்சாபிலிருந்து வந்த வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், இரகசியமாகப் பதிவு செய்த தம்பதியர் பேச்சை மணமுறிவு வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்றது. வேவு பார்க்கும் நிலை வந்துவிட்டதென்றால் அந்த உறவு ஏற்கெனவே முறிந்ததற்கு அடையாளம் என்பது அதன் வாதம். கைப்பேசி கணவன் கையில் மட்டுமே இருக்கும் வீடுகளை நினைத்தால் மதுரையின் பார்வையே எனக்கு நியாயமாகத் தெரிகிறது.

வங்கிகளுக்கு 1924ஆம் ஆண்டு ஆங்கிலத் தீர்ப்பு ஒன்று இன்றும் வழிகாட்டி. சட்டக் கட்டாயம், பொதுநலன், வங்கியின் சொந்த நலன், வாடிக்கையாளரின் சம்மதம் ஆகிய நான்கைத் தவிர வேறெதற்காகவும் கணக்கு விவரம் வெளியே போகக் கூடாது. கடன் தவணை தவறியவரின் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அலுவலக மேலாளருக்கும் போன் போட்டுச் சொல்லும் வசூல் ஆட்கள் இந்த நான்கில் எதற்குள்ளும் வரமாட்டார்கள்.

இப்படி வசூல் ஆட்களைச் சொல்ல வேண்டியிருப்பதற்குக் காரணம் உண்டு. நீதிமன்றங்கள் எடைபோடும் பெரிய மோதல்கள் அரிது. அன்றாடம் நடக்கும் மீறல்களில் எடைபோடலே இல்லை. அசட்டையும் வாய்த்துடுக்கும்தான் இருக்கின்றன. புறநோயாளிகள் கூடத்தில் ஐம்பது பேர் உட்கார்ந்திருக்க, ஓ.பி. சீட்டைப் பார்த்து ஒரு பெண்ணின் பெயரையும் அவர் எடுக்க வேண்டிய பரிசோதனையையும் சேர்த்தே கூவுகிறார் ஊழியர். நம்பிக்கை மையம் என்று பலகை வைத்த எச்.ஐ.வி. பரிசோதனை அறையின் வாசலில் நிற்பவரை எதிர்வரிசை முழுக்கப் பார்க்கிறது. கட்டிலின் தலைமாட்டில் தொங்கும் அட்டையில் நோயின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. ஸ்கேன் படத்தை ஆலோசனை கேட்க டாக்டர்கள் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள், மூலையில் நோயாளியின் பெயரோடு. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. மெகாரியின் மூன்று அளவுகோல்களும் அத்தனையிலும் நிறைவேறிவிடுகின்றன.

கொரோனா காலத்தில் இதை அரசே செய்தது. 2020 மார்ச்சில் பெங்களூரில் தனிமைப்படுத்தப்பட்டவர்களின் முகவரிப் பட்டியல் வெளியானது. சென்னையில் வீட்டுக் கதவுகளில் அறிவிப்பு ஒட்டினார்கள், சில இடங்களில் வாசலைத் தகரம் வைத்து அடைத்தார்கள். சுகாதாரத் துறைக்குத் தெரிய வேண்டியது தெருவுக்கே தெரிந்தது. நோய் தணிந்த பிறகும் பால்காரர் அந்த வீட்டைத் தாண்டிப் போனார். அந்த ஆண்டு டிசம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றம், பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் உரிய அதிகாரி தனியே ஆணையிட்டாலன்றி அப்படி ஒட்டக் கூடாது என்றது. அதற்குள் முதல் அலை ஓய்ந்திருந்தது.

மீறல் நடந்தபின் என்ன பரிகாரம் என்று பார்த்தால் நிலைமை திருப்தியாக இல்லை. இன்னும் வெளிவராத செய்திக்கு நீதிமன்றத் தடை பெறலாம். வெளிவந்துவிட்டால் தடையால் பயனில்லை. மருத்துவர் மீது மருத்துவ கவுன்சிலிலும் வக்கீல் மீது பார் கவுன்சிலிலும் புகார் செய்யலாம். அங்கே தண்டனை கிடைக்கும், நட்டஈடு கிடைக்காது. நட்டஈடு கேட்டு வழக்குப் போட்டால், மறைக்க நினைத்த அதே செய்தியைத் திறந்த நீதிமன்றத்தில் சொல்ல வேண்டிவரும். எச்.ஐ.வி. சட்டம் மட்டும் தன் 34ஆவது பிரிவில் புனைபெயரில் வழக்கு நடத்தவும், மூடிய அறையில் விசாரிக்கவும் வழி வைத்திருக்கிறது. மற்ற வழக்குகளில் நீதிபதியின் மனத்தைப் பொறுத்தது.

2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக அறிவித்தார்கள். அதன் தொடர்ச்சியாக வந்த 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டன. கட்டம் கட்டமாக அது அமலுக்கு வருகிறது. தரவைப் பாதுகாக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அந்தத் தொகை முழுவதும் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு தந்த 43ஏ பிரிவை இந்தப் புதிய சட்டம் நீக்குகிறது. ஒரு பரிசோதனைக் கூடத்திலிருந்து தன் மருத்துவ அறிக்கை கசிந்ததால் வேலை இழந்த பெண்ணுக்கு, அந்தக் கூடம் எத்தனை கோடி அபராதம் கட்டினாலும் அதிலிருந்து ஒரு ரூபாய்கூட வராது. அவர் தனியே சிவில் நீதிமன்றத்துக்கோ நுகர்வோர் ஆணையத்துக்கோதான் போக வேண்டும். நாகாலாந்து டாக்டரை ஆணையம் திருப்பி அனுப்பிய பிறகு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும், தரவுச் சட்டம் எழுதியவர்கள் அவரைப் போன்றவர்களுக்கு ஒரு பிரிவை ஒதுக்கவில்லை. நாடாளுமன்றம் திருத்த வேண்டிய முதல் குறை இது, அடுத்தது, எச்.ஐ.வி. சட்டத்தின் 9ஆவது பிரிவில் உள்ள படிகளை மனநலச் சட்டத்துக்கும் மருத்துவ ஒழுக்க விதிமுறைகளுக்கும் கொண்டுவருவது.